24 வாரம் 4 நாள் என்றால் எத்தனையாவது மாதம்?

கேள்வி: வத்தலக்குண்டுக்காரன் (30 நவம்பர் 2025)

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் என்று நான் நினைத்திருந்த ஒரு கணக்குக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விடை வருவதால் இங்கே கேட்கிறேன்.

என் மனைவிக்கு இது முதல் பிரசவம். கடைசியாக மாதவிடாய் தொடங்கிய நாள் 2025 ஜூன் 10. பஞ்சாங்கப்படி அது வைகாசி 27. நேற்று, அதாவது நவம்பர் 29 அன்று, பரிசோதனைக்குச் சென்றபோது மருத்துவர் அட்டையில் ‘24+4’ என்று எழுதினார். பிரசவத் தேதி 2026 மார்ச் 17 என்று முன்பே குறித்திருந்ததில் மாற்றம் இல்லை என்றும் சொன்னார். மனைவியின் கைப்பேசியில் இருக்கும் செயலியோ ‘25ஆம் வாரம்’ என்று காட்டுகிறது. நான் 24ஐ நான்கால் வகுத்து, ஆறு மாதம் முடிந்து ஏழு நடக்கிறது என்று முடிவு செய்தேன். ஆனால் ஜூன் 10இலிருந்து விரல் விட்டு எண்ணினால் நவம்பர் 10இல்தான் ஐந்து மாதம் நிறைந்திருக்கிறது. அப்படியானால் இப்போது ஆறுதான் நடக்க வேண்டும்.

இதற்குள் பெரியவர்கள் வேறு இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள். மருமகள் வைகாசியில் குளித்தவள், ஆகவே வைகாசி ஒன்று, ஆனி இரண்டு என்று எண்ணி, கார்த்திகை ஏழாம் மாதம் என்கிறார் என் அம்மா. மார்கழி பிறப்பதற்குள் வளைகாப்பை முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய அவசரம். மாமியாரோ, நாள் தள்ளியது ஆனியில் என்பதால் ஆனிதான் ஒன்று, கார்த்திகை ஆறு, இரட்டைப்படை மாதத்தில் என் மகளுக்கு வளையல் அடுக்க மாட்டேன் என்கிறார். அவர் கணக்கில் மார்கழி ஏழு, ஆனால் மார்கழியில் செய்யும் வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை, தை எட்டு, ஆகவே மாசியில் ஒன்பதாம் மாதத்தில் செய்யலாம் என்பது அவர் முடிவு. பிரசவத் தேதிக்கு அவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு மனைவியை மணையில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கணக்குகளில் எது சரி? மாதத்தை வாரமாகவும் வாரத்தை மாதமாகவும் மாற்றுவதற்குப் பிழையில்லாத ஒரு வழி இருந்தால், யார் கேட்டாலும் ஒரே விடை சொல்லும்படி விளக்குங்கள்.

---

பதில் 1: சித்திரக்கதைப் பிரியன்

இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை? மாதத்துக்கு நான்கு வாரம். 24 வாரம் ஆறு மாதம், மிச்சம் நான்கு நாள். உங்கள் அம்மா சொல்வதுதான் சரி; கார்த்திகையிலேயே முடித்துவிடுங்கள்.

---

பதில் 2: பழைய செவிலி

தம்பி, மேலே உள்ள பதிலைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீடு வீடாகப் போய் இந்தக் கணக்கை எழுதியவள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ‘24+4’ என்ற குறிப்பைப் படிக்கும் முறை. இருபத்து நான்கு வாரங்கள் முழுதாக முடிந்து, அதற்கு மேல் நான்கு நாள் ஆகியிருக்கிறது என்று பொருள். செயலி ‘25ஆம் வாரம்’ என்பதும் பிழையில்லை; இருபத்தைந்தாவது வாரம் நடந்துகொண்டிருக்கிறது என்று அது சொல்கிறது. வயது சொல்லும்போது ‘இருபத்து நாலு முடிஞ்சு இருபத்தஞ்சு நடக்குது’ என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதே வேறுபாடுதான். மருத்துவர்கள் எப்போதும் முடிந்ததை எழுதுவார்கள். வீட்டில் பெரியவர்கள் எப்போதும் நடப்பதைச் சொல்வார்கள். கர்ப்பிணியிடம் ‘எத்தனை மாதம்’ என்று கேட்டு ‘ஏழு’ என்று விடை வந்தால், ‘ஏழு முடிந்ததா, ஏழு நடக்கிறதா’ என்று மறுபடியும் கேட்காமல் நான் நோட்டில் எழுதியதே கிடையாது. அந்த ஒரு சொல்லில் நான்கு வாரத்துக்கு மேல் வேறுபாடு வந்துவிடும்.

இரண்டாவது, எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பது. மருத்துவக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. 28 நாள் சுற்று உள்ள பெண்ணுக்குக் கரு உண்டாவது ஏறத்தாழ அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே 40 வாரக் கணக்கில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் ஒன்றுமே இல்லாத வாரங்கள். கரு உண்டான நாள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, குளித்த நாள் தெரியும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. வீட்டுக் கணக்கோ பல இடங்களில் நாள் தள்ளிய தேதியிலிருந்து தொடங்குகிறது. அது மருத்துவக் கணக்கைவிட நான்கு வாரம் பின்தங்கியே இருக்கும். உங்கள் மாமியார் செய்வது அதுதான். அவர் அறியாமல் சொல்லவில்லை. அவர் கோலை நட்ட இடம் வேறு.

இது வளைகாப்போடு நின்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். ‘மூணாம் மாச ஸ்கேன்’ என்று ஊரில் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பின்புற நீர்ப்படலத்தை அளக்கும் அந்த ஸ்கேனை 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். ‘மூணு மாசம் முடியட்டும், அதுக்கு முன்னாடி யாருக்கும் சொல்ல வேண்டாம்’ என்று வீட்டில் காத்திருப்பார்கள். மருத்துவக் கணக்கில் மூன்று மாதம் முடிவது 13 வாரத்தில். அதற்குப் பிறகு ஆறே நாள்தான் மிச்சம். நாள் தள்ளியதிலிருந்து மூன்று மாதம் என்று எண்ணியவர் வந்து சேரும்போது 17 வாரம் ஆகியிருக்கும். அந்த ஸ்கேனுக்குரிய காலமே போய்விட்டிருக்கும். ‘அஞ்சாம் மாச ஸ்கேன்’ என்பதும் அப்படியே. உறுப்புகளைப் பார்க்கும் அந்த ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கச் சொல்வோம். ஐந்து நடக்கும்போது வந்தால் சரியாக இருக்கும். ஐந்து முடியட்டும் என்று காத்திருந்தால் 21 வாரம் 5 நாள் ஆகிவிடும்.

இன்னொரு கணக்குப் பிழைதான் என்னை மிகவும் அச்சுறுத்துவது. நான்கால் வகுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு 36 வாரம் என்றால் ஒன்பது மாதம் முடிந்தது போலத் தோன்றும். உண்மையில் உங்கள் மனைவிக்கு 36 வாரம் நிறைவது 2026 பிப்ரவரி 17 அன்று. ஜூன் 10இலிருந்து அது எட்டு மாதமும் ஏழு நாளும்தான். 37 வாரம் நிறையுமுன் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. 39 வாரம் நிறைந்ததிலிருந்து 40 வாரம் 6 நாள் வரைதான் முழுமையாக முதிர்ந்த காலம் என்பது. அறுவைப் பிரசவம் என்று முடிவானதும் நல்ல நட்சத்திரம் பார்த்து ஒரு தேதியைக் கொண்டுவந்து, ‘அதான் ஒம்பது மாசம் ஆயிடுச்சே’ என்று மன்றாடும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ஒன்பதுக்கும் குழந்தையின் நுரையீரலுடைய ஒன்பதுக்கும் இடையே மூன்று வாரம் இருக்கும். அந்த மூன்று வாரத்தைப் பச்சைக் குழந்தைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று கழித்தவர்களும் உண்டு.

மாதவிடாய்ச் சுற்று ஒழுங்காக இல்லாதவர்களுக்கும் தேதி நினைவில்லாதவர்களுக்கும் தொடக்க கால ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து வாரத்தைக் குறிப்பார்கள். அப்படி ஒருமுறை குறித்த தேதியைப் பிந்தைய ஸ்கேன்களைப் பார்த்து மாற்றுவதில்லை. குழந்தை வளர வளர ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும் இருக்கும் என்பதால் பிந்தைய அளவு வயதைக் காட்டாது, வளர்ச்சியைத்தான் காட்டும். உங்கள் மருத்துவர் மார்ச் 17ஐ மாற்றாமல் விட்டதற்குக் காரணம் அதுதான்.

---

பதில் 3: கணக்கு வாத்தியார்

செவிலியர் அம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். எண்ணை மட்டும் நான் சொல்கிறேன்.

வாரம் என்பது எங்கும் என்றும் ஏழு நாள். மாதம் அப்படியல்ல. ஆங்கில மாதங்களில் சரியாக நான்கு வாரம் கொண்டது, நெட்டாண்டு அல்லாத ஆண்டின் பிப்ரவரி ஒன்றுதான். 30 நாள் மாதம் நான்கு வாரமும் இரண்டு நாளும். 31 நாள் மாதம் நான்கு வாரமும் மூன்று நாளும். நாம் பயன்படுத்தும் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. அந்த 400 ஆண்டில் 1,46,097 நாள்கள் உள்ளன. அதை ஏழால் வகுத்தால் மீதியே இல்லாமல் 20,871 வாரம் வரும். (என் மாணவர்களிடம் இந்த வகுத்தலைச் செய்யச் சொல்லி, மீதி வராததைக் கண்டு அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பது எனக்கு ஒரு சிறிய இன்பம்.) 400 ஆண்டுக்கு 4,800 மாதம். ஆகவே ஒரு மாதத்தின் சராசரி 4.348125 வாரம்.

நான்கு என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டரை நாள் விடுபடுகிறது. ஒரு மாதத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. ஒன்பது மாதத்துக்குச் சேர்த்தால் 22 நாள், மூன்று வாரத்துக்கு மேல். செவிலியர் அம்மா சொன்ன அந்த மூன்று வாரம் இதுதான்.

தசமத்தோடு பெருக்கிக்கொண்டிருக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மூன்று மாதம் என்றால் 13 வாரம் என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் 26, ஒன்பது மாதம் 39, பன்னிரண்டு மாதம் 52. ஓர் ஆண்டுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோதான் தவறும். பிரசவத் தேதி குறிக்கும் பழைய விதியும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த பிரான்ஸ் கார்ல் நெகேலே (1778–1851) என்ற மகப்பேறு மருத்துவரின் பெயரால் வழங்கும் அந்த விதி, கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டச் சொல்கிறது. ஒன்பது மாதம் 39 வாரம். ஏழு நாள் ஒரு வாரம். ஆக 40 வாரம், 280 நாள். ஜூன் 10க்கு ஒன்பது மாதம் கழித்து மார்ச் 10. ஏழு நாள் சேர்த்தால் மார்ச் 17. உங்கள் அட்டையில் உள்ள தேதியே வந்துவிட்டது.

ஆனால் இந்த விதியும் மாதத்தின் தலையில் பாரத்தை வைப்பதால் சில நாள் வழுக்கும். மே 1இல் மாதவிடாய் தொடங்கியவருக்கு அது பிப்ரவரி 8 என்று காட்டும். நாளை எண்ணிப் பார்த்தால் இடையில் 283 நாள் இருக்கும். 280 என்பது பிப்ரவரி 5. உங்கள் தேதிக்கு மட்டும் மிகச்சரியாக 280 வருவது தற்செயல்.

எனவே பிழையில்லாத வழி ஒன்றுதான்: மாதத்தை வாரமாக மாற்றவே முயலாதீர்கள், இரண்டு தேதிக்கும் இடையே உள்ள நாள்களை எண்ணி ஏழால் வகுத்துவிடுங்கள். ஜூனில் மீதி 20, ஜூலை 31, ஆகஸ்டு 31, செப்டம்பர் 30, அக்டோபர் 31, நவம்பரில் 29. மொத்தம் 172. ஏழால் வகுத்தால் ஈவு 24, மீதி 4. மருத்துவர் எழுதிய ‘24+4’ அதுதான். இதைவிட எளிது ஒன்றும் உண்டு. ஜூன் 10 செவ்வாய்க்கிழமை. ஆகவே உங்கள் மனைவிக்கு ஒவ்வொரு செவ்வாயும் ஒரு வாரம் நிறையும். வரும் செவ்வாய், டிசம்பர் 2 அன்று, 25 நிறைகிறது. மார்ச் 17உம் செவ்வாய்தான் என்பதை நாட்காட்டியில் பாருங்கள். தினத்தாள் நாட்காட்டியில் செவ்வாய்தோறும் ஒரு எண் எழுதி வைத்துவிட்டால் வீட்டில் யாரும் வகுக்க வேண்டியதில்லை.

மாதம் சொல்லியே ஆக வேண்டும் என்றால், நவம்பர் 29 அன்று ஐந்து மாதமும் 19 நாளும் முடிந்து ஆறாம் மாதம் நடக்கிறது. நான்கால் வகுத்து ஏழு என்று சொன்னது பிழை. அதற்காக, ஆறு என்று சொன்ன மாமியார் கணக்கு சரி என்றும் நான் சொல்ல மாட்டேன். அவர் வேறு வழியில் வந்து அதே எண்ணைத் தொட்டிருக்கிறார்.

---

வத்தலக்குண்டுக்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. வாத்தியார் ஐயா சொன்னபடி நாட்காட்டியில் செவ்வாய்தோறும் எண் எழுதிவிட்டேன். 28க்கு அடுத்த பரிசோதனை என்று மருத்துவர் சொன்னது டிசம்பர் 23 என்று உடனே தெரிந்துவிட்டது.

கேட்க மறந்த ஒன்று உண்டு. மனைவி ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்கிறார்கள். அலுவலகத்தில் ஒருவர் ‘ஆறு மாசம்’ என்றும், இன்னொருவர் ‘ஆறரை மாசம்’ என்றும், பிரசவத்துக்கு ‘ரெண்டு மாசம்’ முன்பிருந்து எடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கும் அதே முறைதானா?

---

பதில் 4: சம்பளப் பட்டியல்

அதே முறைதான், இதில் மாதம் என்ற சொல்லையே உள்ளே விடக் கூடாது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரம் என்று இருந்ததை 2017இல் செய்த திருத்தம் 26 வாரம் ஆக்கியது. அதில் பிரசவத் தேதிக்கு முன் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு இந்த அளவு. அதற்கு மேல் 12 வாரம். விதி வாரத்தில் எழுதப்பட்டிருப்பதால் 26ஐ ஏழால் பெருக்கி 182 நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 17இலிருந்து 56 நாள் பின்னோக்கி எண்ணினால் ஜனவரி 20. அதுதான் மிக முன்னதாகத் தொடங்கக்கூடிய நாள். ‘இரண்டு மாதம் முன்பு’ என்று வாய்ச்சொல்லாக எடுத்தால் ஜனவரி 17 ஆகிவிடும். அந்த மூன்று நாளை உங்கள் மனைவியின் சொந்த விடுப்பில் கழித்துவிடுவார்கள். ஜனவரி 20ஐ முதல் நாளாக வைத்து 182 எண்ணினால் கடைசி விடுப்பு நாள் ஜூலை 20, திங்கட்கிழமை. ஜூலை 21, செவ்வாயன்று வேலையில் சேர வேண்டும். செவ்வாயில் தொடங்கியது திங்களில் முடிந்தால் வாரக் கணக்கு சரியாக இருக்கிறது என்று பொருள். நான் எப்போதும் கிழமையைப் பார்த்துத்தான் என் கூட்டலைச் சோதிப்பேன்.

ஆறு மாதம் என்று எழுதினால் ஜூலை 20 அன்றே சேர வேண்டிவரும். ஒரு நாள் குறைந்துவிடும். 26ஐ நான்கால் வகுத்து ‘ஆறரை மாதம்’ என்றவர் பேச்சைக் கேட்டால் ஆகஸ்டு முதல் வாரத்தில் போய் நிற்பீர்கள்; ஏறத்தாழ இரண்டு வாரச் சம்பளம் பிடித்தம் ஆகும். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. மாநில அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் ஆனது. மத்திய அரசு ஊழியருக்கு 180 நாள். உங்கள் மனைவி போன்றோருக்கு 26 வாரம். ஒரே தெருவில் மூன்று பெண்கள் மூன்று அலகில் விடுப்பு எடுத்தால், கேட்டுச் சொல்பவர்கள் எல்லாவற்றையும் மாதமாக்கி ஒன்றோடொன்று கலந்துவிடுகிறார்கள்.

‘வாரம்’ என்றால் எத்தனை நாள் என்ற கேள்வியே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பழைய 12 வார விதி இருந்த காலத்தில், கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண் தொடுத்த வழக்கு அது. வாரத்துக்கு ஆறு வேலைநாள்தானே, ஞாயிறுக்குக் கூலி கிடையாதே என்று நிர்வாகம் 12 ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டு 72 நாளுக்கு மட்டும் பணம் கொடுத்தது. வாரம் என்பது ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள், ஆகவே 84 நாளுக்கும் கொடுக்க வேண்டும் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றைக்கும் யாராவது ‘வேலைநாள் கணக்கு’ என்று தொடங்கினால் அந்தத் தீர்ப்பை நினைவுபடுத்தலாம். ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் 182க்குள் அடக்கம். அவற்றுக்கும் சம்பளம் உண்டு, அதே நேரத்தில் அவற்றை ஈடுகட்டிக் கூடுதல் நாளும் கேட்க முடியாது.

ஜனவரி 20இலேயே தொடங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. உடம்பு ஒத்துழைத்தால் பிப்ரவரி பாதிவரை வேலைக்குப் போய்விட்டு, முன்பு எடுக்காத நாள்களைக் குழந்தை பிறந்த பிறகு சேர்த்து வைத்துக்கொள்வதைத்தான் பெரும்பாலோர் விரும்புகிறார்கள். எந்த நாளில் தொடங்கினாலும் 182 மாறாது.

---

பதில் 5: பஞ்சாங்கப் பாட்டி

எல்லோரும் இங்கிலீஷ் மாசத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சண்டை நடப்பது தமிழ் மாதத்தில் அல்லவா? நம் மாதங்கள் சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலத்தை ஒட்டியவை. 29 நாளிலிருந்து 32 நாள் வரை மாறும். இந்த ஆண்டு ஆனிக்கு 32 நாள், கார்த்திகைக்கு 29. ஆகவே ‘மாதத்துக்கு இத்தனை வாரம்’ என்று இங்கேயும் சொல்ல முடியாது.

தம்பி, உங்கள் அம்மா மாதத்தின் பெயரைத் தொட்டு எண்ணுகிறார். வைகாசிக்கு 31 நாள். மருமகள் குளித்தது 27ஆம் தேதி. அந்த வைகாசியில் மிச்சம் இருந்தது குளித்த நாளையும் சேர்த்து ஐந்தே நாள். அந்த ஐந்து நாளை ஒரு முழு மாதமாக அவர் எடுத்துக்கொள்வதால்தான் ஏழு வருகிறது. உங்கள் மாமியாரும் பெயரைத்தான் எண்ணுகிறார். நாள் தள்ளிய ஆனியிலிருந்து தொடங்குகிறார். ‘பத்து மாதம் சுமந்து பெற்றாள்’ என்று சொல்கிறோமே, அது அவர் கணக்குக்குப் பொருந்தி வருவதைப் பாருங்கள்: ஆனி ஒன்று என்றால் பிரசவத் தேதி விழும் பங்குனி பத்தாவது. வாத்தியார் ஐயாவின் 280 நாளை 28 நாள் சுற்றாகப் பிரித்தாலும் பத்துதான் வரும். உங்கள் அம்மா கணக்கில் பங்குனி பதினொன்றாகிவிடும். பதினோரு மாதம் சுமந்தாள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இரண்டு பேரையும் பெயரை விட்டுவிட்டுத் தேதிக்குத் தேதி எண்ணச் சொல்லுங்கள். வைகாசி 27இலிருந்து ஆனி 27க்கு ஒரு மாதம் முடிகிறது. ஆடி 27க்கு இரண்டு. ஆவணி 27க்கு மூன்று. புரட்டாசி 27க்கு நான்கு. ஐப்பசி 27க்கு ஐந்து. கார்த்திகை 27க்கு ஆறு. அதாவது கார்த்திகை 27, டிசம்பர் 13 சனிக்கிழமை முதல் ஏழாம் மாதம் நடக்கிறது. கார்த்திகை 29 திங்கட்கிழமை முடிந்து, டிசம்பர் 16 அன்று மார்கழி பிறக்கிறது. இடையில் சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் உங்களுக்குக் கிடைக்கின்றன. அம்மாவுக்குக் கார்த்திகை, மாமியாருக்கு ஒற்றைப்படை ஏழு. திதியும் நட்சத்திரமும் பார்ப்பது உங்கள் குடும்பச் சோதிடர் பாடு. நான் அதில் தலையிட மாட்டேன்.

---

பதில் 6: பழைய செவிலி

பாட்டி சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை 26 வாரம் 5 நாள். மாசியில் வைத்தால் மாதம் பிறக்கும் அன்றே 35 வாரம் தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் நெடுநேரம் மணையில் உட்கார்ந்திருப்பதும் காலைத் தொங்கப்போட்டுப் பயணம் செய்வதும் எளிதல்ல. டிசம்பரே நல்லது. புளிசாதமும் ஊறுகாயும் அளவாக இருக்கட்டும். சர்க்கரை அளவு பார்க்கும் சோதனை 24இலிருந்து 28 வாரத்துக்குள் வரும் என்பதால், அது முடிந்துவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இனிப்புத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

---

வத்தலக்குண்டுக்காரன்

சர்க்கரைச் சோதனை இன்னும் எடுக்கவில்லை அம்மா. நாளைக் காலையிலேயே அழைத்துப் போகிறேன்.

பாட்டியின் கணக்கை இரண்டு வீட்டுக்கும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். மாமியார் கையில் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு, ஆனி 27, ஆடி 27 என்று ஒவ்வொன்றாகத் தாமே புரட்டிச் சரிபார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். அம்மா, தாம் சொன்ன கார்த்திகைதானே கடைசியில் வந்தது என்கிறார். டிசம்பர் 14, ஞாயிறு என்று குறித்து, வளையல்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. அலுவலகத்துக்கு ஜனவரி 20 முதல் ஜூலை 20 வரை, 182 நாள் என்று மட்டும் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மாதம் என்ற சொல் அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை.